தொம்மலூரிலிருந்து லட்சத்தீவின் பவளத்திட்டுகளுக்கு

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரின் தொம்மலூரிலிருந்து ஒருவர் புறப்பட்டுப் போய், அரபிக் கடலில் 18 மீட்டர் ஆழம் இறங்கிப் பவளத்திட்டைக் கண்டு, மறுபடி அதே உயரத்திற்குச் சுகமாகத் திரும்பி வர வேண்டுமானால், அவருடைய க்ஷேமத்தின் பெரும்பகுதி, புறப்படுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே, வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் முன் நின்று அவர் போடும் கணக்கிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அந்தக் கணக்கைச் சொல்லித் தருவதே இவ்வத்தியாயத்தின் பிரதான நோக்கம். நீந்தத் தெரிந்தும் ஸ்கூபா முறையில் மூழ்கிப் பழக்கமில்லாதவரும், கோவாவிலோ அந்தமானிலோ பயிற்சியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம் மட்டும் மூழ்கிப் பார்த்தவரும் இதைப் படித்துத் தாமே பிரயாணத்தைத் திட்டமிட முடியும்.

இடமும் பருவமும்

லட்சத்தீவு 36 தீவுகளைக் கொண்டது. அவற்றில் ஊரும் மக்களும் உள்ளவை 10. எல்லாவற்றின் நிலத்தையும் கூட்டினாலும் 32 சதுர கிலோமீட்டர்தான். விமான நிலையம் அகத்தியில் மட்டுமே உண்டு. மூழ்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நாடுவது அகத்தி, அதை அடுத்த பங்காரம், வடகிழக்கே சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளத்திற்கு மெலிந்து கிடக்கும் கடமத் ஆகிய மூன்றையுமே. இவற்றின் மேற்குப் புறத்தில், திட்டு அணைகட்டி நிற்பதால் அலையடங்கிய காயல் இருக்கிறது. திட்டின் விளிம்பைத் தாண்டியதும் கடலடி செங்குத்தாக இறங்குகிறது. புதியவருக்குக் காயலும் பழகியவருக்கு விளிம்பும் என்று ஒரே தீவில் இரண்டு மூழ்குமிடங்கள் அமைந்திருப்பது இத்தீவுகளின் விசேஷம்.

மே மத்தியிலிருந்து செப்டம்பர் மத்தி வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமாதலால் அம்மாதங்களை அடியோடு விட்டுவிடுங்கள். அக்டோபர் முதல் மே தொடக்கம் வரை மூழ்கலாம் எனினும், டிசம்பரிலிருந்து மார்ச் வரையுள்ள காலத்தையே நான் சிபாரிசு செய்வேன். அதற்குக் கடலின் அமைதி ஒரு காரணம். ஏப்ரல், மே மாதங்களில் நீர் சூடேறிப் பவளங்கள் நலிவுறும் வேளையில் அவற்றின் நடுவே கூட்டமாய் இறங்காமலிருப்பது மற்றொரு காரணம்.

மன்னார் வளைகுடா நமக்கு அருகில் இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். அங்குள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுவதால், தீவுகளில் இறங்கிச் சுற்றுவதற்கு இடமில்லை. அந்த நீரும் லட்சத்தீவின் நீரைப் போலத் தெளிந்ததன்று.

கடைசி நாளிலிருந்து பின்னோக்கி

சித்தாந்தம் இவ்வளவுதான்: நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வாயுமண்டல அளவு கூடுகிறது, அந்த அழுத்தத்தில் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசைகளிலும் கரைந்து தங்குகிறது, மெல்ல மேலேறிப் பிறகு பல மணி நேரம் தாழ்ந்த இடத்திலேயே இருந்தால் அது மூச்சு வழியே வெளியேறிவிடுகிறது, விரைந்து ஏறினாலோ, வெளியேறி முடியுமுன் உயரமான இடத்திற்குப் போனாலோ, உடலுக்குள்ளேயே குமிழிகளாகி மூட்டிலும் தண்டுவடத்திலும் ‘அழுத்த நோய்’ எனப்படும் நோயை உண்டாக்குகிறது. தூத்துக்குடிக் கடலில், படகிலுள்ள கம்ப்ரஸரிலிருந்து வரும் குழாய்க் காற்றைச் சுவாசித்தபடி, ஆழத்துக்கும் நேரத்துக்கும் கணக்கின்றிச் சங்கு குளித்துப் பிழைப்பவர்களில் மூட்டுவலியும் கால் முடக்கமும் கண்டவர்கள் உண்டு. கணக்குப் போடும் வசதி பெற்ற நாம் அதை அலட்சியம் செய்வது தகாது.

விமானத்தின் உட்புற அழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையுச்சிக்கு ஒப்பானது. ஆகையால் சர்வதேச வழக்கம், ஒரே ஒரு டைவ் செய்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பல நாட்கள் பல டைவ் செய்தவர் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்கிறது. நீங்கள் 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு நாளைத்தான் பிரயாணத் திட்டத்தில் முதலில் குறிக்க வேண்டும்; மற்ற நாட்களையெல்லாம் அதிலிருந்து பின்னோக்கியே குறிக்க வேண்டும்.

ஏழு நாள் பிரயாணத்திற்கு இப்படிக் கணக்கிடலாம்:

1. ஏழாம் நாள்: அகத்தியிலிருந்து விமானம். வேறு எதுவும் இல்லை.
2. ஆறாம் நாள்: மூழ்காத நாள். காயலில் ஸ்நார்க்கல் வைத்துக்கொண்டு நீர்ப்பரப்பில் மிதக்கலாம். மூச்சடக்கி ஆழத்திற்கு இறங்கும் விளையாட்டு வேண்டாம்.
3. ஐந்தாம் நாள்: காலையில் இரண்டு டைவ், நண்பகலுக்குள் கரை.
4. நான்காம், மூன்றாம் நாட்கள்: நாளுக்கு இரண்டு டைவ். ஆழமானதை முதலிலும் ஆழங் குறைந்ததைப் பின்பும் செய்க. இடையே ஒரு மணி நேரமாவது ஓய்வு வேண்டும்.
5. இரண்டாம் நாள்: 10 மீட்டருக்கு உட்பட்ட ஒரே ஒரு பரிசோதனை டைவ்.
6. முதல் நாள்: வந்து சேருதல், உறக்கம்.

கப்பலில் திரும்புகிறவர்களுக்கு, தீவிலிருந்து கொச்சிக்குச் செல்லும் 14 முதல் 18 மணி நேரக் கடற்பயணமே பெரும்பாலும் இந்த ஓய்வாக அமைந்துவிடும். ஆயினும் கொச்சியில் இறங்கிய கையோடு விமானம் பிடிப்பதற்கு முன், கடைசி டைவ் முடிந்த மணியைக் குறித்துவைத்து எண்ணிப் பாருங்கள்.

பெங்களூர்வாசிகள் அறியாமல் செய்யும் பிழை ஒன்று இங்கே விரிவாகச் சொல்லத் தக்கது. முருடேசுவரத்திற்கு எதிரே கடலில் இருக்கும் நெத்ராணித் தீவு, நம் ஊரிலிருந்து வார இறுதியில் போய்வரக்கூடிய மூழ்குமிடம். சனிக்கிழமை காலை சென்று சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வரை மூழ்கிவிட்டு, அன்றிரவே பஸ் ஏறி, திங்கட்கிழமை காலை அலுவலகத்திற்கு வந்துவிடலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். விமானம் ஏறவில்லையே, பஸ்தானே என்பது அவர்கள் எண்ணம். அந்த பஸ் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாயில் ஏறி 900 மீட்டர் உயரத்தில் கொண்டுவந்து விடுகிறது. 300 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் எதுவாயினும் மூழ்கினவனுக்கு அது உயரமே. ஆகவே நெத்ராணி போகிறவர்கள் சனிக்கிழமை மூழ்கி, ஞாயிற்றுக்கிழமையைக் கோயிலிலும் கடற்கரையிலும் கழித்துவிட்டு, அன்றிரவு மலையேறுவதே விவேகம்.

அனுமதிச் சீட்டு

லட்சத்தீவுக்குள் நுழைய இந்தியப் பிரஜைக்கும் அனுமதி வேண்டும். 1967ஆம் ஆண்டு விதிகள் அப்படிக் கட்டளையிடுகின்றன. காரியங்களை இந்த வரிசையில் செய்க:

1. முதலில் தங்குமிடத்தையும் டைவிங் நிலையத்தையும் முடிவு செய்து, எழுத்து மூலமான உறுதி பெறுங்கள். அனுமதிக்கு ஆதாரம் அதுவே.
2. காவல்துறையின் நன்னடத்தைச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். விசாரணைக்காக வீட்டுக்கு ஆள் வரும் நாளில் நீங்கள் இல்லாவிட்டால் தாமதம் ஏற்படும். ஆகையால் ஆறு வாரமாவது முன்னதாகத் தொடங்குங்கள்.
3. அனுமதிச் சீட்டு கைக்கு வந்ததும், செல்லவிருக்கும் தீவு ஒவ்வொன்றின் பெயரும் அதில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அகத்திக்கு மட்டும் அனுமதி பெற்றுக்கொண்டு கடமத்துக்குப் படகேற எண்ணாதீர்கள்.
4. இத்தனைக்கும் பிறகே, கட்டணம் திரும்பக் கிடைக்காத விமானச் சீட்டை வாங்குங்கள்.

அகத்தியில் இறங்குவது சிறிய விமானம். சுமை அனுமதி குறைவு. வானிலை கெட்டால் விமானமும் தீவுகளுக்கிடையே ஓடும் படகும் நிற்கும். ஆதலால் திரும்பும் நாளுக்கு மறுநாள் முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ரொக்கப் பணம் போதுமான அளவு எடுத்துச் செல்க. பங்காரம் நீங்கலாக மற்றத் தீவுகளில் மது விலக்கு அமலில் உண்டு. மூழ்குகிறவனுக்கு எங்கேயும் மது விலக்கப்பட வேண்டியதுதான்.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

தூரத்துத் திட்டைப் பாடசாலையாக்குவது தவறு என்பது என் திடமான அபிப்பிராயம். முகமூடிக்குள் புகுந்த நீரை வெளியேற்றவும், நடுநீரில் அசையாமல் நிற்கவும் பவளத்தின் மேல் தடுமாறிக் கற்பதைவிட, நீச்சல் குளத்தின் ஓட்டுத் தரையில் தடுமாறிக் கற்பது நமக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது.

1. நீச்சல். ஆரம்பநிலைச் சான்றிதழுக்கு, கால வரம்பில்லாமல் 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிஷம் பிடிமானமின்றி மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தொம்மலூரிலிருந்து அல்சூர் ஏரிக்கரையிலுள்ள கென்சிங்டன் நீச்சல் குளம் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இரண்டு மாத காலம் ஒழுங்காக அப்பியாசம் செய்தால் இது கஷ்டமான காரியமன்று.

2. வைத்தியப் பரிசோதனை. ஆஸ்த்துமா, வலிப்பு, இருதய நோய், நுரையீரலில் முன்பு ஏற்பட்ட சிதைவு, காதில் செய்த சிகிச்சை, கர்ப்பம் ஆகிய எதையும் மறைக்காதீர்கள். விண்ணப்பத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் கையெழுத்து வாங்கும் தொல்லை இல்லை என்று எண்ணி, தீவில் போய் உண்மையைச் சொல்லி, படகிலேறாமல் திரும்பியவர்கள் உண்டு. சொல்லாமல் இறங்குவது அதனினும் கொடியது.

3. பாடமும் குளப் பயிற்சியும். பெங்களூரில் பல நிலையங்கள் வகுப்பையும் குளப் பயிற்சியையும் நடத்தி முடித்து, கடலில் செய்ய வேண்டிய நான்கு டைவ்களை வேறிடத்தில் முடித்துக்கொள்ளச் சிபாரிசுக் கடிதம் தருகின்றன. அந்த நான்கையும் நெத்ராணியில் முடியுங்கள். கிடைக்கும் சான்றிதழ் 18 மீட்டர் வரை செல்லுபடியாகும். லட்சத்தீவின் வண்ணங்களில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது.

4. நிலையத்தாரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். படகில் பிராணவாயு சிலிண்டர் உண்டா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? விபத்து நேர்ந்தால், அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள எந்த ஊருக்கு, எவ்வாறு கொண்டு செல்வீர்கள்? பதிலை எழுத்தில் பெறுங்கள். மூன்றாவது கேள்விக்குச் சிரித்து மழுப்புகிற நிலையத்தை நீக்கிவிடுங்கள். டைவிங் விபத்துக்கென்றுள்ள காப்பீட்டையும் இப்போதே எடுங்கள். சாதாரணப் பிரயாணக் காப்பீடுகள் பல இதை ஏற்பதில்லை.

சொந்தமாக வாங்க வேண்டியது: மாஸ்க்

சிலிண்டர், அதன் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர், மிதவைச் சட்டை, ஈயப் பட்டை எல்லாம் நிலையத்தில் கிடைக்கும். மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். பொருந்தாத மாஸ்க் ஒன்று எல்லாச் செலவையும் வீணாக்கவல்லது.

கடையில் வாரை மாட்டிப் பார்ப்பது பரீட்சை ஆகாது. வாரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் மெல்ல வைத்து, மூக்கால் மூச்சை உள்ளே இழுத்துக் கையை எடுத்துவிடுங்கள். தலையை அசைத்தாலும் அது விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்குரியது. பிறகு ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியைக் கடித்துக்கொண்டு மறுபடி அப்படியே செய்யுங்கள். வாய் திறந்தால் கன்னத்தின் அமைப்பு மாறிக் காற்றுக் கசியக்கூடும். மீசையுள்ளவர்கள் மூக்குக்கு நேர்கீழே ஒரு விரற்கடை மழித்துவிட்டால் நீர் கசிவது குறையும். மழிக்க மனமில்லாதவர்கள் மாஸ்க்கின் ஓரம் படியும் இடத்தில் சிலிக்கோன் மசகைச் சிறிது தடவலாம். கண்ணாடி அணிபவர்கள் தங்கள் பார்வைக்கேற்ற கண்ணாடி பதித்த மாஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். புதுக் கண்ணாடியின் உட்புறம் தொழிற்சாலைப் படலம் இருக்குமாதலால், பற்பசை தடவி விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். இல்லையேல் முதல் டைவ் முழுதும் பனிமூட்டத்தில்தான் கழியும்.

ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரை வாங்க இயலாதவர் வாடகைக்காவது எடுக்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒன்று என்பது கூடாது. இருவரின் ஆழமும் ஒன்றாக இருப்பதில்லை. ஊதினால் நிமிர்ந்து நிற்கும் அடையாள மிதவை ஒன்றும், ஊதல் ஒன்றும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

நீருக்குள் இறங்கும் முறை

1. காற்றைச் சோதித்தல். சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். ரெகுலேட்டரில் நான்கு மூச்சு விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சிலும் அழுத்தமானியின் முள் ஆடினால் வால்வு முழுதும் திறக்கவில்லை என்று பொருள். காற்றில் எண்ணெய் வாடையோ டீசல் புகை வாடையோ வந்தால், அந்தச் சிலிண்டரில் மூழ்காதீர்கள். யார் என்ன சமாதானம் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

2. துணைவரைச் சோதித்தல். மிதவைச் சட்டை, ஈயப் பட்டை, வார்கள், காற்று என்ற வரிசையில் ஒருவரை மற்றவர் தொட்டுச் சோதியுங்கள்.

3. காதைச் சமன்செய்தல். தலை நீரில் மறைந்ததும் தொடங்குங்கள். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு தரமாவது செய்யுங்கள். வலி வந்த பிறகு பலமாக ஊதினால் காது சேதமடையக்கூடும். வலித்தால் ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயலுங்கள். மூன்று தரம் முயன்றும் திறக்காவிட்டால் அன்றைய டைவ் முடிந்தது.

4. மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் நிரம்பிய நுரையீரலின் காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரிகிறது. அடக்கியவனின் நுரையீரல் அதைத் தாங்காது.

5. திரும்பும் அளவு. 100 பார் காட்டியதும் திரும்புங்கள்; 50 பார் மீதமிருக்கும்போது நீர்ப்பரப்பில் இருங்கள்.

6. மேலேறுதல். நிமிஷத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் தங்குங்கள். இதைக் காற்று மிச்சமிருந்தால் செய்யலாம் என்று எண்ணாமல், இதற்கென்றே காற்றை மிச்சம் பிடியுங்கள்.

*குறிப்பு:* சளி பிடித்திருந்தால் மூழ்காதீர்கள். மூக்கடைப்பு நீக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், ஆழத்தில் அதன் வீரியம் தீர்ந்து, மேலேறும் வழியில் காது அடைத்துக்கொள்ளக்கூடும். படகு மயக்கத்திற்கான மாத்திரையை ஊரிலேயே ஒரு நாள் சாப்பிட்டு, தூக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பவளத்தின் பொருட்டு

1998ஆம் ஆண்டின் கடல் வெப்பம் லட்சத்தீவின் பவளங்களை வெளிறச் செய்தது. 2010இலும் 2016இலும் அது மீண்டும் நேர்ந்தது. அகத்தி, கடமத், கவரத்தி ஆகிய மூன்று திட்டுகளையும் தொடர்ந்து ஆராய்ந்து வரும் மைசூர் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் விஞ்ஞானிகள், 1998இல் சுமார் 37 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு, 2022இல் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டதாகக் கண்டிருக்கிறார்கள். நாம் காணச் செல்வது ஏறக்குறைய பாதியை இழந்த திட்டு. உருண்டைப் பவளம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளருகிறது. காலில் மாட்டிய ஃபின்ஸ் ஒரு தரம் பட்டு உடையும் துண்டு, ஒரு குழந்தை வளர்ந்து கல்லூரிக்குப் போகும் காலம்வரை திரும்ப வராது.

ஆகையால் முதல் டைவின் தொடக்கத்தில், பவளம் இல்லாத மணற்பரப்பின் மேல் ஐந்து நிமிஷம் செலவழித்து, ஈயத்தின் அளவைச் சரிசெய்யுங்கள். புதியவர்கள் வேண்டியதைவிட அதிக ஈயம் கட்டிக்கொள்வதும், அதனால் கால் தாழ்ந்து திட்டை உதைப்பதும் எங்கும் காணும் குறை. மிதவைச் சட்டையில் காற்றில்லாமல், சாதாரண மூச்சுடன், நீர்ப்பரப்பு கண் மட்டத்தில் நிற்குமாறு மிதந்தால் ஈயம் சரி. புகைப்படக் கருவியை முதல் இரண்டு நாள் எடுத்துச் செல்லாதீர்கள்; கருவியில் கண்ணை வைத்தவன் தன் காலை மறக்கிறான். வெயிலுக்குப் பூசும் களிம்புக்குப் பதில் முழுக்கைச் சட்டை அணியுங்கள். கரையில் ஒதுங்கிய செத்த பவளத்தையும் எடுக்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதையும் குற்றமாகவே கொள்கிறது.

இத்தீவுகளின் நிலத்தடி நன்னீர், மணலுக்கடியில் மெல்லிய படலமாகத் தங்கும் மழைநீரே. உபகரணங்களைக் கழுவ நிலையத்தார் வைத்திருக்கும் பொதுத் தொட்டியையே பயன்படுத்துங்கள். குழாயைத் திறந்துவிட்டு நிற்காதீர்கள்.

அபாய அறிகுறி கண்டால்

டைவ் முடிந்த சில நிமிஷங்களிலிருந்து ஒரு நாள், சில வேளை அதற்கு மேலும் கழித்து, தோளிலோ முழங்காலிலோ ஆழ்ந்த வலி, தோலில் பளிங்குக்கல் போன்ற திட்டு, மரத்துப்போதல், தள்ளாட்டம், சிறுநீர் பிரியாமை, காரணமற்ற மிகுந்த சோர்வு ஆகியவற்றில் எது கண்டாலும் அது அழுத்த நோயாக இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். ‘ஈயப் பட்டை தூக்கியதால் வலிக்கிறது’ என்று தமக்குத் தாமே காரணம் கற்பித்துக்கொண்டு உறங்கப் போவதுதான் மிகச் சாதாரணமான பிழை.

1. தீவிலாயின், நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, முகமூடி வழியே கலப்பில்லாத பிராணவாயுவைக் கொடுங்கள். நினைவிருந்தால் சிறிது சிறிதாக நீர் கொடுக்கலாம்.
2. மறுபடி நீருக்குள் இறக்கிச் சரிசெய்ய முயலாதீர்கள்.
3. டைவிங் காப்பீட்டின் அவசர எண்ணை அழைத்து, எந்த அழுத்த அறைக்கு, எவ்வழியாக என்று அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.
4. தொம்மலூருக்குத் திரும்பிய பிறகு அறிகுறி தோன்றினால், உடனே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்று, வலியைச் சொல்லுமுன் “நான் கடலில் மூழ்கி வந்தவன்” என்று சொல்லுங்கள்; கடற்கரையில்லாத ஊரில் வைத்தியர் அதைத் தாமாக ஊகிப்பது அரிது. டைவ் செய்த நாள், ஆழம், நேரம் ஆகியவற்றைக் காட்டும் கம்ப்யூட்டரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.